வீட்டுக் கமராவும் அதன் அப்டேட்டும்: கொட்டகலை வீட்டில் நான்காண்டு அனுபவம்

இலங்கையின் மலைநாட்டில், கொட்டகலையில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று பாதுகாப்புக் கமராக்கள் இருக்கின்றன. 2021இல் வாங்கியது முன்வாசலிலும், 2022இன் தொடக்கத்தில் வாங்கியது அம்மாவின் அறைக்கு வெளியே கூடத்திலும், 2023இல் வாங்கியது வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கும் துண்டு நிலத்திலும் பொருத்தப்பட்டன. மூன்றும் மூன்று கொம்பனிகளின் தயாரிப்பு. படம் எவ்வளவு தெளிவு, இரவில் எவ்வளவு தூரம் தெரியும், எத்தனை மெகாபிக்சல் என்பதையெல்லாம் விற்கும் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். வாங்கிய முதல் வாரத்தில் நமக்கும் தெரிந்துவிடும். நான் எழுத வந்தது கமராவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளுக்குக் கொம்பனி அவ்வப்போது அனுப்பும் அப்டேட்களைப் பற்றி. அவை எங்கள் ஊர் மின்சாரத்திலும் எங்கள் ஊர் இணைப்பிலும் எங்கள் ஊர்ப் பனியிலும் எப்படி நடந்துகொண்டன என்பதைப் பற்றி. கொம்பனிகளின் பெயரை எழுதவில்லை. ஒரு வீட்டில் ஒரு கமரா பட்ட பாட்டை வைத்துக்கொண்டு ஒரு கொம்பனியின் பெயரைக் கெடுப்பது முறையாகாது. தவிரவும், நான் கண்ட நல்லதும் கெட்டதும் வேறு பெயர்களிலும் இதே அளவில் கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

முதல் கமரா வாங்கியதற்குத் திருடன் காரணமில்லை. 2021 ஜனவரியில் வாசலில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிச் சென்றது. காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. நான் பாடசாலைக்குப் போனால் பிற்பகல் வரை அம்மா தனியாக இருப்பார். கத்தாரில் வேலை செய்யும் தம்பி அன்றே பணம் அனுப்பிக் கமரா போடச் சொன்னான். அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கமராவையும் எங்களைவிட அதிகமாகப் பார்ப்பவன் அவன்தான். அப்டேட் ஒன்று பிழையாகிப்போனால் எனக்கு முன்னரே அவனுக்குத் தெரிந்துவிடும். “அக்கா, வீடு கறுப்பா இருக்கு” என்று வாட்ஸ்அப்பில் குரல் வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது கமராக்களின் விலையும் கூடவே ஏறியது. “பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்” என்ற பேச்சு அன்றோடு எங்கள் வீட்டில் நின்றுபோனது. இருக்கும் கமராவை எத்தனை ஆண்டு உயிரோடு வைத்திருக்க முடியும் என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. அந்தக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி அப்டேட்டில்தான் இருக்கிறது.

வீட்டு இணைப்பில் ஓடும் கமரா என்பது கண் வைத்த ஒரு சிறு கணினி. அநேகமானவற்றுக்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம்தான் ஓடுகிறது. கணினியில் இருக்கக்கூடிய பாதுகாப்பு ஓட்டைகள் இதிலும் இருக்கலாம். ஆனால் கணினியைப் போல் நாம் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்ப்பதில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது அது செய்ததெல்லாம், கமராக்களும் பதிவுப் பெட்டிகளும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கொண்டுவரும் அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான். அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் போயின. கமராவை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் மாறாவிட்டால் சில நிமிடங்களில் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில கருவிகளில் அந்தக் கடவுச்சொல் ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருந்ததால், வைத்திருந்தவர் நினைத்தாலும் அதை மாற்ற முடியவில்லை.

மிராய் பழைய கதை என்று நினைப்பவர்களுக்கு 2021 செப்டெம்பர் இருக்கிறது. ஹிக்விஷன் என்ற சீனக் கொம்பனியின் கமராக்கள் பலவற்றில், கடவுச்சொல்லே இல்லாமல் வெளியிலிருந்து உள்ளே புகுந்து கமராவை முழுதாகக் கைப்பற்றக்கூடிய ஓர் ஓட்டை வெளிப்பட்டது. அதன் கடுமைக்கு 10க்கு 9.8 கொடுக்கப்பட்டது. கொம்பனி திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. அதற்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2022 ஓகஸ்ட்டில், சைஃபர்மா என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் இணையத்தில் தேடிப் பார்த்தபோது, அந்தத் திருத்தம் போடப்படாத கமராக்கள் 80,000க்கு மேல் அகப்பட்டன. மருந்து கடையில் இருந்தும் வாங்கிச் சாப்பிடாதவர்கள் இத்தனை பேரா என்று முதலில் வியந்தேன். பிறகு என் வீட்டுக் கமராக்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தபோது அவர்கள் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது.

வாசல் கமராவிலிருந்து தொடங்குகிறேன். இது அசையாமல் ஒரே திசையைப் பார்ப்பது. வயர் மூலம் இணைவது. அப்டேட்டைக் கோப்பாகக் கையில் கொடுக்கும் வகை. கொம்பனியின் தளத்தில் மாதிரி எண்ணைத் தேடி, ஏறத்தாழ 30 எம்பி அளவுள்ள கோப்பைப் பதிவிறக்கி, மடிக்கணினியில் கமராவின் முகவரியைத் திறந்து உள்ளே நுழைந்து, பராமரிப்புப் பக்கத்தில் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து நூறைத் தொட்டதும் கமரா தானாக அணைந்து எழும்பும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருமுறையும் எடுத்ததில்லை. பழைய பாணி என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் பிடித்ததே அந்தப் பழைய பாணிதான்: எப்போது போடுவது என்று நான் முடிவு செய்கிறேன், போடும் நேரத்தில் இணைய இணைப்பு அறுந்தாலும் கோப்பு என் கையில் இருக்கிறது, பழைய கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் வரிசையாக வைத்திருக்கிறேன். கோப்போடு இரண்டு பக்கக் குறிப்பும் தருகிறார்கள். எந்த ஓட்டை அடைக்கப்பட்டது, எந்த வசதி சேர்ந்தது, எது நீங்கியது என்று அதில் இருக்கும்.

இந்தக் கமராவுக்குக் கிடைத்த அப்டேட்களில் ஒன்று எங்கள் வாழ்க்கையையே மாற்றியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் மலைநாட்டில் வெளியே கமரா வைத்திருப்பவர்களுக்கு விளங்கும். கமராவின் அகச்சிவப்பு விளக்கு இரவில் பனிமூட்டத்தில் பட்டுத் திரும்பும்போது படம் முழுவதும் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். பனி அசையும், ஆகவே கமரா அதை ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொள்ளும். முதல் இரண்டு ஆண்டும் இரவு எட்டு மணிக்குப் பனி இறங்கினால் தம்பியின் போன் அலறத் தொடங்கும். விளக்கருகே வலை பின்னிய சிலந்தியும், வெளிச்சத்துக்கு வரும் விட்டில்களும் தம் பங்குக்குச் சேர்ந்துகொள்ளும். 2023 ஓகஸ்ட்டில் வந்த பெரிய பதிப்பில், அசைவது மனிதனா, வாகனமா, விலங்கா என்று கமராவே பார்த்துப் பிரிக்கும் வசதி வந்தது. போட்ட அன்றிரவு பனி நன்றாக இறங்கியது. போன் வாய் திறக்கவில்லை.

அதே பதிப்புத்தான் எங்களை ஊரில் பெயர் கெடவும் வைத்தது. அமைப்புகள் யாவும் அழிந்துவிடும், புதிதாகப் போட்டுக்கொள்ளவும் என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். நான் கடவுச்சொல்லைப் போட்டேன், பதிவு நேரத்தைப் போட்டேன், நேர வலயத்தை மறந்தேன். கமரா பிறந்த ஊரான சீனாவின் நேரத்துக்குப் போய்விட்டது. நான்கு நாள் கழித்து ஓர் இரவு சிறுத்தை ஒன்று வாசலைக் கடந்து, நாய்க்கூண்டை மோந்து பார்த்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கியது. படத்தின் மூலையில் 4.40 என்று இருந்தது. அந்தக் காணொளித் துண்டை நான் எங்கள் வீதி வாட்ஸ்அப் குழுவில் போட, அது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயன்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், இருப்பவர்களின் குழுக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நாலரை மணிக்கெல்லாம் பால் கேனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையால் போகிறவர்கள் இரண்டு நாள் விடிந்த பிறகே இறங்கினார்கள். சேகரிக்கும் லொறி அதற்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் தம்பி பேசும்போது, அந்த அறிவித்தல் தனக்கு முதல் நாள் இரவு 11.40க்கு வந்ததாகச் சொன்னான். கத்தார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஆக இங்கே அப்போது அதிகாலை 2.10. சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அதனால் கமராவில் 4.40. பால்காரர்களிடம் போய் விளக்கம் சொன்னேன். “டீச்சர், மணி பிழைன்னாலும் சிறுத்தை சரிதானே” என்றார் அவர்களில் மூத்தவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோப்பு வகை அப்டேட்டில் மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. ஒரே பெயரில் விற்கும் கமராவுக்குள்ளே வன்பொருள் இரண்டு மூன்று வகையாக இருக்கும்; மாதிரி எண்ணின் கடைசி எழுத்து ஒன்றில் மட்டும் வித்தியாசம் தெரியும். போதாததற்கு, சீன உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்து, ஆங்கில முகம் ஒட்டி இங்கே வந்து சேரும் கமராக்களும் உண்டு. அப்படியொன்றை மலிவாக வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர், என்னிடம் கேட்டுக்கொண்டு, கொம்பனியின் சர்வதேசத் தளத்திலிருந்து கோப்பை எடுத்துப் போட்டார். மொழி பொருந்தவில்லை என்ற ஒரு வரியோடு கமரா நின்றுவிட்டது. வயரால் நேரே மடிக்கணினியோடு இணைத்து, கமரா எழும்பும் முதல் சில விநாடிகளில் டிஎஃப்டிபி என்ற முறையால் பழைய கோப்பை ஊட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து அதை மீட்டோம். அன்றிலிருந்து அவர் அப்டேட் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். கமராவின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஓர் எழுத்தும் பிசகாமல் பொருந்தினால் மட்டுமே கோப்பைத் தொட வேண்டும் என்பதை அந்த ஞாயிறு கற்றுத் தந்தது.

கூடத்தில் வைத்தது வைஃபை கமரா. தலையைச் சுழற்றிப் பார்க்கும். அதன் அப்டேட் கைப்பேசிச் செயலி வழியாக வரும். சிவப்புப் புள்ளி தெரியும், “இப்போது மேம்படுத்து” என்ற பொத்தானை அழுத்தினால் மீதியைக் கமராவே பார்த்துக்கொள்ளும். இதைவிட இலகுவான முறை இருக்க முடியாது, மின்சாரம் இருக்கும் வரையில். 2022 ஜூலையில், நாடு முழுவதும் எழுத்துவாரியாகப் பிரிவு பிரித்து மின்வெட்டு நடந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் பிரிவின் அட்டவணையை எடுத்து வைத்து, வெட்டு மாலையில்தான் என்று உறுதி செய்துகொண்டு, பிற்பகல் மூன்று மணிக்குப் பொத்தானை அழுத்தினேன். அட்டவணை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று தென்மேற்குக் காற்று வீசிய வீச்சில் பாதையோரச் சவுக்கு மரத்தின் கிளையொன்று முறிந்து கம்பியில் விழுந்தது. நாற்பது வீதத்தில் மின்சாரம் போனது.

திரும்ப வந்தபோது கமராவில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. தலை திரும்பவில்லை, செயலியில் “கருவி இணைப்பில் இல்லை” என்று வந்தது. இது ஏன் நடக்கிறது என்பதை அறிந்துகொண்டால் வாங்கும்போது கேட்க ஒரு கேள்வி கிடைக்கும். நன்றாக வடிவமைத்த கருவிகளில் ஃபர்ம்வேருக்கு இரண்டு அறைகள் இருக்கும்: ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை மற்றதில் எழுதி, முழுதாக எழுதியாயிற்றா என்று சரிபார்த்த பிறகே அதற்கு மாறும், இடையில் மின்சாரம் போனால் பழையதே எழும்பும். செலவைக் குறைக்க நினைவகத்தைச் சுருக்கும்போது இரண்டாவது அறை போய்விடுகிறது. ஓடிக்கொண்டிருப்பதன் மேலேயே எழுதுவதால், பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆனாலும் கமராவை எழுப்பும் மிகச் சிறிய நிரல் ஒன்று தனியே இருக்கும். அதைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. மீட்பு அந்த வழியாகத்தான் நடக்கும்.

கொம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது; பற்றுச்சீட்டையும் சீட்டின் படத்தையும் கேட்டார்கள், கூடவே ரவுட்டரின் மாதிரியையும் கேட்டார்கள். விளக்கு மட்டும் எரியும் கமராவுக்கு ரவுட்டர் எதற்கு என்று தெரியவில்லை, அதையும் அனுப்பினேன். நான்காம் நாள் ஒரு கோப்பும் நான்கு வரி விளக்கமும் வந்தன: கோப்பை மெமரி கார்டில் போட்டு, கார்டைச் செருகி, மீளமைப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்கவும். கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து நகரமான அட்டனில் போன், கணினி திருத்தும் கடையில் இருக்கும் இளைஞர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் கார்டைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்லிவிட்டார். என்னுடையது 64 ஜிபி. அந்த அளவு கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அமைந்து வருகின்றன. எழுப்பும் நிரலுக்கோ 32 ஜிபி வரையான கார்டுகளில் இருக்கும் ஃபேட்32 மட்டும்தான் தெரியும். தம் மேசை இழுப்பறையிலிருந்து 16 ஜிபி கார்டு ஒன்றைத் தந்தார். அப்போதும் எழும்பவில்லை.

கோப்பின் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகு அவர் சிரித்தார். “டீச்சர், இதை ரெண்டு தரம் இறக்கியிருக்கீங்க.” இரண்டாம் முறை பதிவிறக்கியபோது போன் தானாகவே பெயரின் வாலில் அடைப்புக்குறிக்குள் 1 என்று போட்டிருந்தது. கமரா தேடுவது ஒரே ஒரு பெயரை. அதில் ஒரு குறி கூடினாலும் அது தன் கோப்பென்று எடுத்துக்கொள்ளாது. அந்த ஒன்றை அழித்துவிட்டுச் செருகினோம். ஒன்றரை நிமிடம் விளக்கு துடித்தது. பிறகு ‘டிக்’ என்ற சத்தத்தோடு கமரா தலையை இடப்பக்கம் முட்டும் வரை திருப்பி, வலப்பக்கம் முட்டும் வரை திருப்பி, நடுவில் வந்து நின்று கடையைப் பார்த்தது. மின்னஞ்சலில் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால் எனக்கு அட்டன் பயணமும், தம்பிக்கு ஒரு வாரக் கவலையும் மிச்சமாகியிருக்கும். ஆனாலும் கோப்பை அனுப்பினார்களே என்பதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதும் கொம்பனிகளும் இருக்கின்றன.

உயிர் பெற்ற கமரா தொழிற்சாலை அமைப்புகளோடு வந்ததில் ஒரு விடயம் இரண்டு மாதம் என் கண்ணில் படவில்லை. நான் முன்பு அணைத்து வைத்திருந்த யூபிஎன்பி திரும்பவும் ஓடத் தொடங்கியிருந்தது. கமரா ரவுட்டரிடம் தானே பேசி, வெளியிலிருந்து தன்னிடம் வருவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கொம்பனியின் செயலி வழியாகப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கதவு தேவையே இல்லை. ரவுட்டரின் பட்டியலைத் தற்செயலாகத் திறந்தபோதுதான் தெரிந்தது. இப்போது எந்த அப்டேட்டுக்கும் முன்னர் கமராவின் ஒவ்வொரு அமைப்புப் பக்கத்தையும் போனில் படம் பிடித்து வைக்கிறேன். போட்ட பிறகு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். விடைத்தாள் திருத்துவது போன்ற வேலைதான். கால் மணி நேரம் போதும். ரவுட்டருக்கென்று மின்வெட்டுக் காலத்தில் எல்லோரும் வாங்கிய அந்தச் சிறிய யூபிஎஸ்ஸில் 5, 9, 12 வோல்ட் என்று தனித்தனி வாய்கள் இருக்கின்றன. அப்டேட் நேரத்தில் கமராவின் வயரையும் அதில் பொருந்தும் வாயில் செருகிவிடுகிறேன். வோல்ட்டை அடாப்டரில் படித்துப் பார்த்துச் செருக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காய்கறி நிலத்தில் இருப்பது மின்கலத்தில் ஓடும் கமரா. மேலே சூரியத்தகடு, உள்ளே 4ஜி சிம். காட்டுப்பன்றிக்காக வாங்கியது. இதன் அப்டேட்டில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. அதிகாலை மூன்று மணிக்குத் தானே இறக்கித் தானே போட்டுக்கொள்ளும். அணைத்து வைக்க வழியில்லை. இதில் நல்லதும் உண்டு. நள்ளிரவுக்குப் பிந்திய இலவச டேட்டாவில் அந்த வேலை முடிந்துவிடுகிறது. மின்கலம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் தொடங்குவதே இல்லை என்பது அறிவான ஏற்பாடு. ஜூன், ஜூலையில் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாதபோது தகடு பேருக்கு இருக்கிறது. அந்நாட்களில் அப்டேட்டும் இல்லை. பாதியில் நின்று செத்துப்போவதைவிட அது எவ்வளவோ மேல்.

நான் மன்னிக்காதது 2024இல் ஓர் இரவு நடந்ததை. வாங்கும்போது, வந்தது மனிதனா விலங்கா என்று கமராவே பிரித்துச் சொல்லும். பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு காலை எழுந்தபோது அந்த வசதி மாதக் கட்டணத்துக்குள் போயிருந்தது. கட்டணத்தை டொலரில், வங்கி அட்டையில் கட்ட வேண்டும். வெப்பத்தை உணர்ந்து விழிக்கும் கமரா ஆகையால் நாய், பூனை, பக்கத்து வீட்டு ஆடு என்று எது போனாலும் இப்போது ஒரே மாதிரி மணியடிக்கிறது. பன்றி வரும் இரவில் வந்த அறிவித்தலையும் பூனை என்று நினைத்து விட்டுவிட்டோம். இரண்டு பாத்தி கரட் போனது. அந்த அப்டேட்டுக்கான குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: “தெரிந்த சில பிழைகள் சரிசெய்யப்பட்டன. பயனர் அனுபவம் மேம்படுத்தப்பட்டது.” எந்தப் பயனரின் அனுபவம் என்று எழுதவில்லை.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா என்று பார்த்தேன். முடியாது. அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறக்க விரும்பும் ஒருவன் பழைய ஃபர்ம்வேரைப் போட்டுத் திறந்துவிடலாம் என்பதால் பின்னோக்கிப் போவதைப் பல கொம்பனிகள் தடுக்கின்றன. அந்தக் காரணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் திரும்பிப் போகும் வழியை அடைத்த பிறகு, அதே பொட்டலத்துக்குள் ஓட்டைக்கு மருந்தையும் வசதிக்கு வெட்டையும் சேர்த்துக் கட்டி அனுப்புவது நியாயமாகாது. இப்படி ஒருமுறை சுட்டுக்கொண்டவர் அடுத்த முறை உயிர்காக்கும் திருத்தம் வந்தாலும் தயங்குவார். மேலே சொன்ன 80,000 கமராக்களின் சொந்தக்காரர்களில் சிலராவது அப்படித் தயங்கியவர்களாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்டேட் எப்படி வருகிறது என்பதைப் போலவே எத்தனை நாள் வரும் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் பரவலாக விற்ற வைஸ் என்ற மலிவுக் கமராவில், மெமரி கார்டில் இருக்கும் பதிவுகளை வெளியாள் எடுக்கக்கூடிய ஓட்டை இருப்பதை பிட்டிஃபெண்டர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் 2019இல் கண்டுபிடித்துக் கொம்பனிக்குச் சொன்னது. 2022 ஜனவரியில் புதிய மாதிரிகளுக்குத் திருத்தம் வந்தது. முதல் மாதிரிக்கு வரவில்லை, அதன் ஆதரவையே அந்தச் சமயத்தில் முடித்துக்கொண்டார்கள். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு விற்கக்கூடாது, பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எத்தனை காலத்துக்குக் கிடைக்கும் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்து, 2027 டிசம்பரிலிருந்து முழுமையாகப் பொருந்தும். பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத ஆதரவை அது கேட்கிறது. நம் கடைகளில் உள்ள பெட்டிகளில் இப்படியொரு திகதியை நான் கண்டதில்லை. ஓராண்டு உத்தரவாதம் என்ற முத்திரை மட்டும்தான் இருக்கும். ஆனால் அதே மாதிரி பிரித்தானியாவிலும் விற்பனையானால், அந்த நாட்டுக்கான கொம்பனியின் பக்கத்தில் அப்டேட் முடியும் திகதி இருக்கும். வாங்குவதற்கு முன் அதைத் தேடிப் பார்ப்பது இப்போது என் வழக்கம். கடைத் தம்பிமார் பொறுமையாகக் காத்திருக்கிறார்கள்.

ஆசிரியை என்பதால் புள்ளி போடாமல் இருக்க முடியவில்லை. வாசல் கமராவுக்கு 10க்கு 8. நேர வலயத்தை அழித்ததற்காக ஒன்றும், வன்பொருள் எழுத்துகளில் ஆளைக் குழப்புவதற்காக ஒன்றும் குறைத்தேன். மூன்றில் படம் சுமாரானது இதுதான். இரவில் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இருந்தும் திரும்பவும் வாங்குவதென்றால் இதையே வாங்குவேன். கூடத்துக் கமராவுக்கு 5. இலகுவாகப் போடலாம், இலகுவாகச் சாகவும் செய்யும். நிலத்துக் கமராவுக்கு 3. அதன் படம்தான் மூன்றிலும் அழகு.

கூடத்துக் கமராவுக்கு இனி அப்டேட் இல்லை என்று இந்த ஆண்டு அறிவித்தல் வந்தது. அதை எறியவில்லை. ரவுட்டரில் அதற்கு இணையத்தைத் தடுத்துவிட்டு, மெமரி கார்டில் மட்டும் பதியுமாறு வைத்து, உர மூட்டையும் மண்வெட்டியும் இருக்கும் பின்னறைக்கு மாற்றியிருக்கிறேன். கூடம் தெரியவில்லை என்று தம்பிக்குக் குறை. அம்மாவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, கூடத்தில் நிம்மதியாகக் காலை நீட்டி உட்காரலாம் என்கிறார். வாசல் கமராவுக்குப் போன கிழமை புதிய கோப்பு வந்திருக்கிறது. சீட்டின் கடைசி எழுத்தைப் பார்த்துவிட்டேன், அமைப்புகளைப் படம் பிடித்துவிட்டேன். இன்று காலையிலிருந்து காற்றும் மழையுமாக இருக்கிறது, விட்டதும் போடுவேன்.